தட்டாத கொக்கி

நுஸ்ரத்துக்கு மனிதர்களின் முகம் அவ்வளவு சீக்கிரம் மனதில் நிற்காது. பிடரிதான் நிற்கும். கழுத்து மாலை செய்கிறவளுக்குக் கண் அங்கேதான் போகும். மாலையின் அழகு முன்பக்கம் இருந்தாலும் அதன் உயிர் பின்பக்கம், கொக்கியில்தானே இருக்கிறது.

அன்றைக்கு தாராவியை அடுத்த சயனிலிருந்து சீத்தா கேம்ப் போகிற பஸ்ஸில், தங்கச்சி ருக்சானாவுக்குப் பிறந்திருந்த பிள்ளையைப் பார்க்க அவள் போய்க்கொண்டிருந்தாள். முன் சீட்டில் ஒரு பெண். ஆபீஸ் போகிறவள் மாதிரி இருந்தாள். கொண்டைக்குக் கீழே, வியர்வையில் ஒட்டியிருந்த முடிக்கு நடுவே, ஒரு பித்தளைக் கொக்கி மின்னியது.

அது நுஸ்ரத்துடைய கொக்கி.

பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் காண யாருக்காவது சாட்சி வேண்டுமா? கம்பியை இரண்டாக மடித்து, மடித்த முனையை மூக்கு மாதிரி மேலே தூக்கி, பேனாவின் மேல் வைத்து வளைத்து, மிச்சமிருக்கும் வாலை நத்தை ஓடு மாதிரி உள்ளே சுருட்டி முடிக்கிற வேலை அது. அந்த நத்தை ஓட்டை அவளே யோசித்துக் கண்டுபிடித்தாள். கம்பியின் வெட்டுமுனை கழுத்தில் குத்தாமல் இருக்க அதை எங்கே ஒளிப்பது என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு வந்தது. கொக்கி அவளுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் மாலை அவளுடையதில்லை. சாம்பல் நிறக் கல், இடையிடையே வெள்ளி உருண்டை. அப்படி ஒரு கல்லை அவள் கையால் தொட்டதுகூடக் கிடையாது.

கேட்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டே இருந்தாள். செம்பூர் நாக்கா ஸ்டாப் வந்து அந்தப் பெண் எழுந்தபோதுதான் வாய் திறந்தது.

"தீதீ, யே மாலா கஹா(ங்) ஸே லியா?" மாலை எங்கே வாங்கியது என்று கேட்டாள்.

"மாட்டுங்கா ஸே," என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள்.

மாட்டுங்கா. அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. சீத்தா கேம்ப் போய்ப் பிள்ளையை மடியில் வாங்கியும் நுஸ்ரத்தின் மனசு பிள்ளையிடம் இல்லை. "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்று ருக்சானா கேட்டதற்கு, "பஸ்ஸுல தலை சுத்திட்டு" என்று சொல்லி வைத்தாள். தலை சுற்றத்தான் செய்தது. ஏனென்றால் அவர்கள் இருவராகச் செய்த மாலைத் தொழிலில் மாட்டுங்கா போகிற கால் ஒருத்தியுடையதுதான். தங்கமயிலுடையது.

தங்கமயில் தாராவியில் நுஸ்ரத்துக்கு எதிர் ரூம்காரி. திருச்செந்தூர்ப் பக்கம். நுஸ்ரத்துக்கு மூத்தவள், வாயாடி, யாரிடமும் பயம் கிடையாது. தினமும் காலையில் மாட்டுங்காவில் ராஜலக்ஷ்மி மாமி வீட்டுக்குச் சமைக்கப் போய் மத்தியானம் திரும்புவாள். நுஸ்ரத்தோ தங்கள் கல்லிச் சந்தின் முனையைத் தாண்டுவதற்கே புர்காவை இரண்டு முறை சரிசெய்துகொள்கிற ஆள். ஒரு மழைக்காலத்தில், தங்கமயில் கழுத்துப் பாசிமாலையின் ஸ்பிரிங் கொக்கி துருப்பிடித்து அவள் கழுத்தையே பச்சையாக்கிவிட்டது. நுஸ்ரத் தன் புருஷன் தாஹிரின் பெல்ட் பட்டறையிலிருந்து பக்கடு என்கிற குறடை எடுத்து வந்து, பித்தளைக் கம்பியில் அவளுக்கு ஒரு கொக்கி வளைத்துப் போட்டாள். அதை மாமி பார்த்தாள். "இந்த மாதிரி மாலை இருந்தா கொண்டு வாடி" என்றாள். அப்படித் தொடங்கியதுதான் எல்லாம்.

மத்தியானம் இருவரும் நுஸ்ரத் வீட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து கம்பி வளைப்பார்கள். மறுநாள் தங்கமயில் மணி கோப்பாள். மாலைகள் சேர்ந்ததும் டிபன் பையில் போட்டு மாட்டுங்காவுக்குக் கொண்டு போவாள். மாமி தன் சிநேகிதிகளுக்குக் கொடுப்பாள் என்று கேள்வி. அந்த மாமியை நுஸ்ரத் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை, செம்பூர்க்காரியின் பிடரியைப் பார்க்கிற வரைக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொக்கி வேலையில் ஒரு படி தங்கமயிலுக்குத் தெரியாது.

வளைத்த கொக்கி அப்படியே விட்டால் மெத்தென்றுதான் இருக்கும். நல்ல கனமான மாலையில் போட்டால் கொஞ்ச நாளில் வாயைத் திறந்துவிடும். வளைவை இரும்பின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். தட்டத் தட்டக் கம்பி இறுகும். பலமாகத் தட்டினால் சப்பையாகிவிடும், பிறகு ஒடியும். அந்தப் பக்குவம் நுஸ்ரத்தின் கைக்கு மட்டும் தெரியும். தங்கமயில் காலையில் மாட்டுங்கா கிளம்பின பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தட்டுவாள். பக்கத்திலேயே தகரம் அடிக்கிறவர்கள் இருந்ததால் அந்தச் சத்தம் தனியாகக் கேட்காது. கேட்டால், "புளித்தண்ணியில போட்டு பாலீஷ் பண்ணேன்க்கா" என்பாள். அதுவும் பொய்யில்லை. தட்டிய பிறகு புளித்தண்ணியில் போடத்தான் செய்தாள்.

ஏன் மறைத்தாள் என்றால் அவளுக்கே சரியாகப் பதில் தெரியாது. அது பட்டறைப் பழக்கம். தாஹிரின் பட்டறையில் ஆட்கள் தோலை வெட்டுவார்கள், தைப்பார்கள், ஓட்டை போடுவார்கள். ஓரத்துக்குப் பூசுகிற சாயத்தை மட்டும் தாஹிர்தான் கதவடைத்துக் கலக்குவான். "கடைசிக் கை முதலாளி கை" என்பான். ஒருமுறை அசந்து ஒருத்தனுக்குக் கலக்கக் காட்டிக் கொடுத்தான். அவன் அடுத்த பெருநாளைக்குள் எதிர்க் கல்லியில் சொந்தமாக ஷட்டர் திறந்துவிட்டான். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த தொழில் நுஸ்ரத்துடையது. உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் இருந்த வெல்லம் மாதிரி, அந்தக் கரிப்பு இதிலும் ஏறிவிட்டது.

பஸ் பயணத்துக்குப் பிறகு அவள் தங்கமயிலைப் பார்க்கத் தொடங்கினாள். முன்பும் தினமும் பார்த்தவள்தான். இது வேறு பார்வை.

சந்தேகக் கண்ணுக்குத் தீனி கிடைக்காமல் போகுமா? முதலில் மணி விஷயம். மணி வாங்க எப்போதும் இருவருமாகத்தான் ட்ரெயின் ஏறி புலேஷ்வர் கடைத்தெருவுக்குப் போவார்கள். இப்போது தங்கமயில், "நீ அலைய வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். சொன்னபடி ஒரு நாள் "புலேஷ்வருக்குப் போயிட்டு வாறேன்" என்று கிளம்பினாள். நுஸ்ரத் அடுப்பில் வைத்த சோறு வடிக்கும் முன்னால் கையில் மணியோடு வந்து நின்றாள். புலேஷ்வர் என்ன பால் பூத்தா, இந்தக் கல்லியைத் திரும்பினால் வந்துவிட?

"ட்ரெயின் உடனே கெடைச்சிட்டாக்கா?"

"ம்."

"கூட்டம் இல்லையா?"

"என்னளா, போலீஸ்காரி மாதிரிக் கேள்வி கேக்க?"

இன்னொரு நாள் நுஸ்ரத் மெல்லத் தூண்டில் போட்டாள். "மாமிய நானும் ஒரு நாள் வந்து பாக்கட்டுமாக்கா? இவ்வளவு நாளா மாலை வாங்குதாங்க. மொகம் தெரியாம இருக்கு."

தங்கமயில் கையிலிருந்த ஊசி நின்றது. "நீ எதுக்கு அங்க? மாடி ஏறணும். வேலைக்காரங்கள லிஃப்ட்ல ஏத்த மாட்டான் வாட்ச்மேன். அதுவுமில்லாம மாமி ஒரு மாதிரி. பேச ஆரம்பிச்சா விட மாட்டா."

"பேசட்டுமே. எனக்குக் காது இருக்கே."

"உனக்குக் காது மட்டுந்தான் இருக்கு. வாய் எங்க இருக்கு?" என்று சிரித்தாள் தங்கமயில். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை என்று நுஸ்ரத்துக்குப் பட்டது.

தாஹிரிடம் சொன்னாள். அவன் சாயக் கறை படிந்த விரலை முகர்ந்துகொண்டே, "நான் அப்பமே சொன்னேன்லா" என்றான். எப்போது என்ன சொன்னான் என்று அவளுக்கு நினைவில்லை. ஆனால் புருஷன்மார் எல்லாம் எப்போதோ சொன்னவர்கள்தானே.

கேட்டுவிடலாம்தான். கேட்டு, இல்லை என்று அவள் சொல்லிவிட்டால்? நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதைவிட, உண்மையாகவே இல்லையென்றால்? நுஸ்ரத் தாராவிக்கு மருமகளாக வந்த புதிதில் தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தைத் தள்ளிவிட்டவர்களோடு சண்டை போட்டு இடம் பிடித்துக் கொடுத்தவள் தங்கமயில். இந்தக் கல்லியில் நுஸ்ரத்துக்கு இருந்த ஒரே ஆள். தொழில் போனால் கம்பி இருக்கிறது, பக்கடு இருக்கிறது, வேறு வழி பார்க்கலாம். அந்த ஆள் போனால்?

ஆகவே கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி யோசித்தாள்.

அடுத்த தடவைக்கான கொக்கிகளை அவள் தட்டவில்லை. வளைத்தவற்றை நேரே புளித்தண்ணியில் போட்டு, மின்ன மின்னத் துடைத்துத் தங்கமயில் கையில் கொடுத்தாள். அவள் வழக்கம்போல மாலையில் கோத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஒன்றைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை.

நுஸ்ரத்தின் கணக்கு இதுதான். கொக்கி எங்கே போனாலும் வாயைத் திறக்கும். மாமியிடம் நியாயமாகப் போயிருந்தால் தங்கமயில் வந்து, 'ஏளா, கொக்கி சரியில்லன்னு மாமி கத்துதா' என்று சொல்வாள். வேறு யாருக்கோ திருட்டுத்தனமாகப் போயிருந்தால் சொல்ல மாட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அழ முடியுமா?

காத்திருந்தாள்.

தங்கமயில் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் போயிற்று. மாட்டுங்காவிலிருந்து வந்ததும் பாய்க்கு வராமல் நேரே தன் ரூமுக்குள் போய்ப் படுத்தாள் தங்கமயில். "தலவலி" என்றாள். "அடுத்த ஆர்டர்?" என்று கேட்டால், "பண்டிகை முடியட்டும்னுட்டா மாமி" என்றாள். எந்தப் பண்டிகை? நவராத்திரிக்கு இன்னும் நாள் கிடந்தது. கண்ணைப் பார்த்துப் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். ஒரு மத்தியானம் நுஸ்ரத் எட்டிப் பார்த்தபோது, தங்கமயில் பழைய கொக்கி ஒன்றைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் நிழல் விழுந்ததும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? தேள் கொட்டிவிட்டது. திருடி வாய் திறக்கவில்லை.

ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். நுஸ்ரத்துக்கோ அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை தங்கமயில் குழாயடிக்குப் போயிருந்தாள். வாங்கிய டப்பாவைத் திருப்பித் தருகிற சாக்கில் நுஸ்ரத் அவள் ரூமுக்குள் நுழைந்தாள். டப்பாவை வைக்க இடம் தேடுகிறவள் மாதிரி அரிசிப் பானையை நகர்த்தினாள். அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே மணிகள். நீலத்தில் வெள்ளை நரம்பு ஓடுகிற அந்த மணியை அவளே புலேஷ்வர்க் கடையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருந்தாள். சிலவற்றில் தங்கமயில் போட்ட முடிச்சுகூட அவிழாமல் இருந்தது. நூல் மட்டும் கத்தரியால் அறுபட்டிருந்தது.

குடத்தோடு தங்கமயில் வாசலில் வந்து நின்றாள்.

"இது என்னது?" என்றாள் நுஸ்ரத்.

தங்கமயில் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கவில்லை. "எது?"

"நான் பொறுக்கி எடுத்த மணி. மாட்டுங்காவுல யாரு கழுத்துலயோ கெடக்க வேண்டிய மணி. உன் அரிசிப் பானைக்குப் பின்னாடி என்ன பண்ணுது?" கோபத்தில் 'நீங்க' கழன்று 'நீ' ஆகியிருந்தது.

"மெதுவாப் பேசுளா. கல்லி பூராவும் கேக்கும்."

"கேக்கட்டும்! மாலைய அறுத்துப் போட்டுட்டு கொக்கிய மட்டும் எவளுக்கு வித்த? செம்பூர்க்காரி ஒருத்தி கழுத்துல பாத்தேன் நான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

தங்கமயில் குடத்தை இறக்கி வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அறுத்தது நானில்ல. மாமி."

"மாமியா?"

"மாமி நம்ம மாலைய ஒரு நாளாவது கழுத்துல போட்டான்னா நெனச்ச? யாருக்காவது குடுத்தான்னா நெனச்ச? நான் சமைச்சிட்டு இருக்கையில பக்கத்து ரூம்ல உக்காந்து கத்தரியால நறுக்குவா. கொக்கிய மட்டும் எடுத்துக்கிடுவா. அவகிட்ட வேற கல்லு இருக்கு, ஜெய்ப்பூர்ல இருந்து வருமாம். அதுல நம்ம கொக்கியப் போட்டு அவ பேர்ல விக்கிதா. மத்ததெல்லாம் குப்பைக் கூடை. நான் வெளக்குமாறோட போயி பொறுக்கி எடுத்துட்டு வருவேன். அதையே திருப்பிக் கோத்து அவளுக்கே கொண்டு போயிக் குடுப்பேன். அவளும் வாங்கிப்பா. புலேஷ்வர் போறேன்னு சொல்லிட்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்துட்டு வந்தேன்ளா, மூதி."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல?" என்றாள் தங்கமயில். "கொக்கி உன் வேலை. மணி கோக்கது என் வேலை. கூடையில கெடந்தது என் வேலைளா. 'நுஸ்ரத்து, நீ பண்ணது மட்டுந்தான் ஊருக்கு வேணுமாம், நான் பண்ணது குப்பையாம்'னு எந்த வாயால சொல்ல? சொன்னா மறுநாளே நீ என்னய எதுக்கு வச்சிருக்கப் போற?"

நுஸ்ரத்துக்கு உட்காரத் தோன்றியது. ஆனால் உட்காரவில்லை.

"இப்ப அதுவும் போச்சு. போன தடவ கொண்டு போன கொக்கி அத்தனையும் வாயப் பொளந்துட்டு. மாமி மக ஷ்ருதி செம்பூர்ல மேடையில பாடிட்டு இருக்கையில மாலை நழுவி மடியில விழுந்துட்டாம். இனிமே கொண்டு வராதேன்னுட்டா மாமி. நான் வளைச்சதுலதான் என்னவோ கோளாறுன்னு ஒரு வாரமா பாத்துக்கிட்டு இருக்கேன். எங்க தப்புன்னு ஒரு எழவும் புரியல. உன்கிட்ட சொல்லப் பயந்துகிட்டு தலவலின்னு படுத்துக் கெடந்தேன்."

திருடனுக்கு மட்டும்தான் வாய் அடைக்கும் என்று நுஸ்ரத் கணக்குப் போட்டிருந்தாள். தேளைத் தானே வளர்த்ததாக நினைக்கிறவளும் கத்த மாட்டாள் என்பது கணக்கில் வரவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கோளாறு தங்கமயில் கையில்தான் என்றே இருக்கட்டும், இன்னும் கவனமாக வளை என்று சொல்லி முடித்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

அவள் போய்த் தன் ரூமிலிருந்து சுத்தியலையும் இரும்புக் கட்டையையும் இன்னும் தட்டாத இரண்டு கொக்கிகளையும் எடுத்து வந்து தங்கமயிலின் முன்னால் வைத்தாள். ஒன்றை எடுத்து, இழுத்துக் காட்டினாள். மீன் வாய் மாதிரித் திறந்துகொண்டது. இன்னொன்றை இரும்பின் மேல் வைத்துத் தட்டினாள். திருப்பிப் போட்டுத் தட்டினாள். தங்கமயிலின் கையில் கொடுத்தாள்.

"இழுங்கக்கா."

தங்கமயில் இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வரவில்லை.

"உங்க கை இல்லக்கா. போன தடவ நான் வேணும்னே தட்டாம குடுத்தேன். நீங்க வெளிய விக்கிறீங்களான்னு பாக்க."

வெளியே யாரோ குடத்தை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. தங்கமயில் கொக்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"எப்ப இருந்து தட்டுத?"

"மொதல்ல இருந்தே."

"நான் மாட்டுங்கா போன பொறவு."

"ஆமா."

"கதவைச் சாத்திக்கிட்டு."

நுஸ்ரத் தலையாட்டினாள்.

"உன் மாப்பிள்ளை பட்டறைப் புத்தி! கடைசிக் கை முதலாளி கை, என்ன? அப்ப இத்தனை காலமும் நான் உன்கிட்ட கூலிக்காரியாத்தான் இருந்திருக்கேன். எனக்குத்தான் தெரியல." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ குடுத்த கொக்கிய ஒரு நாளாவது நான் இழுத்துப் பாத்திருக்கேனா நுஸ்ரத்து?"



தங்கமயிலே எழுந்து கதவைத் திறந்தாள். "நாளைக்கு எங்கூட வா. மாமிக்கு உன் வாயால நீ சொல்லு."

மறுநாள் மாட்டுங்காவுக்கு நடக்கிற வழியெல்லாம் நுஸ்ரத்துக்கு ஒரே யோசனை. எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறாள்? மாமி முன்னால் நிற்க வைத்து, 'இவதான் மாமி, உங்க மகளை மேடையில அவமானப்படுத்தினவ' என்று காட்டிக் கொடுக்கவா? தங்கமயில் முன்னால் நடந்துகொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. பூக்கடைகளைத் தாண்டும்போது மட்டும், "சேறு, பாத்து வா" என்றாள். அதைக்கூடக் கரிசனமா, கடுப்பா என்று நுஸ்ரத்தால் தீர்மானிக்க முடியவில்லை.

ராஜலக்ஷ்மி மாமி கதவைத் திறந்தாள். மூக்கில் வைர மூக்குத்தி, கையில் மொபைல். புர்காவை ஒரு பார்வை, தங்கமயிலை ஒரு பார்வை.

"யாருடீ இது?"



"இவ பேரு நுஸ்ரத்து. கொக்கி இவ போடுறது," என்றாள் தங்கமயில். "விஷயம் இவ சொல்லுவா. எனக்குக் கறிகாய் நறுக்கணும்." உள்ளே போய்விட்டாள்.

சொல்ல வேண்டியதை நுஸ்ரத்தே ஹால் தரையில் உட்கார்ந்து சொன்னாள். தட்டாமல் கொடுத்தது, கோளாறு தங்கமயிலுடையதில்லை என்பது, எல்லாம். ஏன் தட்டவில்லை என்று மாமி கேட்டபோது, "எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு மாமி" என்றாள். அதைவிடச் சரியான காரணம் அவளுக்குத் தெரியவில்லை. கொண்டுவந்திருந்த தட்டிய கொக்கிகளை எடுத்து வைத்தாள். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள்.

"ஓ, நீதானா அது! எங்கேடி வாங்கறேன்னு எத்தனை தரம் கேட்டிருப்பேன் அவகிட்டே. வாயைத் திறக்கலையே! 'கடையிலே கிடைக்காது மாமி, அதுக்கு மேலே கேக்காதேங்கோ'ன்னு ஒரே சாதிப்பு." மாமி சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இதோ பாரு. என் ஃப்ரெண்ட்ஸெல்லாம் வயசானவா. விரல் மடங்கறதில்லை. இந்தக் கொக்கிதான் பின்னாடி கையைக் கொண்டு போனா தானா மாட்டிக்கறதாம். எனக்கு மாலை வேண்டாம். அந்த மணியெல்லாம் யாருக்கு வேணும்? கொக்கி மட்டும் பண்ணிக் கொடு. எத்தனை பண்ணினாலும் எடுத்துக்கறேன். நேரே நீயே கொண்டு வா. அவ எதுக்கு நடுவிலே?"

சமையலறையில் கத்தி பலகையில் விழுகிற சத்தம் ஒரே தாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கிறாளா, கேட்கவில்லையா? இத்தனை நாள் எந்தக் காரியத்தைத் தங்கமயில் செய்திருப்பாள் என்று நுஸ்ரத் உளவு பார்த்தாளோ, அதே காரியம் இப்போது தட்டில் வைத்து அவளுக்கு நீட்டப்பட்டிருந்தது. ஒரு 'சரி' போதும். கொக்கி ஊருக்கு வேண்டியதாக இருந்தது என்ற சந்தோஷம்கூடத் தொண்டை வரை வந்தது. அது வந்ததற்காக அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"கொக்கி மட்டும் தர்றதில்ல மாமி," என்றாள்.

"ஏன்?"

"பாதி வளைக்கது அவங்க. மாலையா எடுத்துக்கிடுறதா இருந்தா எடுத்துக்கோங்க. அறுக்கதா இருந்தா வேண்டாம்."

"வாங்கினப்புறம் அது என்னோட சாமான். அறுப்பேன், அடுப்பிலே போடுவேன். உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல," என்று நுஸ்ரத் எழுந்தாள். "அவங்க பொறுக்கி எடுத்துட்டு வர்றாங்க."

மாமிக்கு முகம் சிவந்தது. "போய் அவகிட்டேயே கேட்டுண்டு வா. நாளைக்கு வயிறு காய்ஞ்சா தெரியும்," என்றாள்.

நுஸ்ரத் கீழே இறங்கி கேட்டருகே நின்றாள். தங்கமயில் சமையலை முடித்துவிட்டு வர நேரமாயிற்று. வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் தங்கமயில் டிபன் பையோடு இறங்கி வந்தாள்.

"மாமி என்ன சொன்னா?"

"கேக்கலையா உங்களுக்கு?"

"குக்கர் கத்திட்டு இருந்துச்சு. என்ன சொன்னா?"

"மாலை வேண்டாமாம். கொக்கி மட்டும் வேணுமாம். என்னய மட்டும் கொண்டு வரச் சொன்னா. நீங்க வேண்டாமாம்."

தங்கமயில் முகத்தில் எதுவும் அசையவில்லை. "நீ என்ன சொன்ன?"

"தர மாட்டேன்னுட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

தங்கமயில் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிடரியிலிருந்து தொடங்கிப் பார்த்த மாதிரி நுஸ்ரத்துக்குக் கூசியது. பிறகு டிபன் பையை அவள் கையில் திணித்துவிட்டுத் திரும்பி மாடியேறினாள்.

விசாரிக்கத்தான் போகிறாள். போகட்டும் என்று நினைத்தாள் நுஸ்ரத். என் இடத்தில் அவளும் அவள் இடத்தில் நானும் இருந்தால், சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே நின்று ஒட்டுக் கேட்டிருப்பேன். அவள் ஏறிப் போய் நேராகக் கேட்கிறாள். கேட்கட்டும். நின்ற இடத்திலேயே பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். மாமி மாற்றிச் சொல்லிவிட்டால்? கோபத்தில், 'ஒத்துண்டுட்டாளேடி உன் கூட்டாளி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. தன் பக்கம் சாட்சி யார்?

மேலே கதவு சாத்துகிற சத்தம். பிறகு செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை.

தங்கமயில் வந்து அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"மாமி உன்னைத் திமிரு புடிச்சவன்னு சொல்லுதா," என்றாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

இருவரும் கேட்டைத் தாண்டி நடந்தார்கள். இந்தத் தடவை தங்கமயில் முன்னால் போகவில்லை.